ஓடைக்கரைத் தெருவின் ஒரே வாய்

பிரம்மசக்தி பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கி, ஆரத்தி சுற்றிக் கொட்டியபின் உள்ளே போய் உட்கார்ந்து குழந்தையை மார்பில் போட்ட அந்த நிமிஷத்தில், ஓடைக்கரைத் தெருவின் இருபத்தொரு வீட்டிலும் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் வாயில் இருந்தது தாய்ப்பாலாக ருசித்தது. சாளைக் குழம்பைப் பிசைந்து உருட்டிப் போட்டவருக்கும் பால், அப்பளத்தைக் கடித்தவருக்கும் பால், சாப்பிட்டு முடித்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தவருக்கும் பால். எல்லாரும் ஒரு நொடி மெல்லுவதை நிறுத்திவிட்டு, பிறகு பசி விடாததால் மென்று முழுங்கிவிட்டுக் கை கழுவினார்கள்.

மறுநாள் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள். அதற்கு மறுநாள் ஆளாளுக்குப் பாத்திரம் விளக்கும் சோப்பைச் சந்தேகப்பட்டார்கள். நாலாம் நாள் டீக்கடை சேர்மத்துரைதான் கண்டுபிடித்தார், பாப்பாவின் அழுகை நின்ற கையோடு பால் ருசி வருகிறது, பாப்பா தூங்கினால் டீ டீயாக இருக்கிறது என்று. அவ்வளவுதானா என்று தெரு மூச்சு விட்டது. காரணமும் ஒன்று கிடைத்துவிட்டது. அந்தப் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் நல்ல குணமுள்ள ஒருவரைக் கூப்பிட்டு, சீனித் தண்ணீரை விரலால் தொட்டு அதன் நாக்கில் வைக்கச் சொல்வார்கள். அதற்குச் சேனை என்று பேர். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ், தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பிள்ளை வாயில் படக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டதால் இந்தப் பிள்ளைக்குச் சேனை வைக்கவில்லை. ஒருத்தர் நாக்கும் ஒட்டாத பிள்ளைக்குத் தெரு நாக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது, அதிலென்ன அதிசயம் என்று பேசி முடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

செல்வமதி என்று பேர் வைத்தாலும் எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்ட அந்தக் குழந்தைக்குத் தகுந்தபடி தெரு தன்னை மாற்றிக்கொண்டது. சேர்மத்துரை கடைப் பலகையில் வடை, பஜ்ஜி என்று எழுதும் இடத்துக்கு மேலே, பாப்பா தூங்கும் நேரம் காலை ஒன்பதரை முதல் பதினொன்று வரை என்று எழுதிப்போட்டார். விருந்து வைப்பவர்கள் முகூர்த்த நேரத்தோடு பாப்பா தூங்கும் நேரத்தையும் பார்த்தார்கள். பிரியாணிப் பொட்டலம் வாங்கியவர்கள் தெருமுனை மின்கம்பத்தைத் தாண்டிப் போய், அந்தக் கம்பத்துக்கு அப்பால் பாப்பாவின் ருசி வராது என்பதால், அங்கேயே நின்றபடி தின்றுவிட்டு வந்தார்கள். இரண்டு குடிகாரர்கள், எதைக் குடித்தாலும் பாலாக இருக்கிறதே என்று வெறுத்துப்போய்க் குடியை விட்டார்கள், இன்னொருவர் வீட்டைக் காலி செய்தார், அதில் வேறு ஆள் குடிவந்தார். தாய்ப்பாலைத் துப்ப யாருக்கும் மனம் வராததால் ஆறு மாதம் எந்தக் குழப்பமும் இல்லாமல் ஓடியது.

குழப்பமெல்லாம் பிரம்மசக்திக்குத்தான். அவள் என்ன சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள், சாப்பிட்டாளா இல்லையா என்பதெல்லாம் அவள் பாலைக் கொண்டே தெருவுக்குத் தெரிந்தது. குழாயடியில் குடத்தோடு நிற்கும்போது யாராவது, "ஏளா, நேத்து பூண்டுக் குழம்பா?" என்பார்கள். அதாவது பரவாயில்லை. "பாலு இன்னைக்கு ஒரு மாதிரி கரிச்சுதே, அழுதியா?" என்று பெண்கள் கேட்கும்போது அவளுக்கு உடம்பில் துணி இல்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. "இல்லக்கா, தூக்கமில்ல" என்று சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவள் எட்டு மாதச் சூலியாக இருந்தபோது அவளுடைய அப்பா இறந்துபோனார். தாயில்லாத பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்த்தவர். பேத்திக்குச் சேனை வைக்க நாள் எண்ணிக்கொண்டிருந்தவர். அதனால் அழுதிருப்பாள் என்று தெருவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டார்கள். தெருக்களின் அன்பு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

ஐந்தாம் மாதக் கடைசியில் பால் தண்ணீராகிக்கொண்டு வருவதையும் தெருதான் முதலில் கண்டது. அங்கன்வாடி ஜெபமணி டீச்சரின் தராசு அதற்குப் பிறகுதான் சொன்னது. ஆறு மாதம் முடிந்த அன்று பாப்பாவைத் தராசுத் தொட்டிலில் போட்டு நிறுத்துப் பார்த்த டீச்சர், எடை அட்டையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். பச்சைப் பட்டையில் ஏறிக்கொண்டிருந்த கோடு வளைந்து மஞ்சளின் ஓரத்துக்கு வந்திருந்தது.

"இனிமே பால் மட்டும் பத்தாது பிரம்மசக்தி. கட்டி ஆகாரம் தொடங்கிரணும். மசிச்சு, ஒரு நாளைக்கு ரெண்டு கரண்டி. உப்பு வேண்டாம், சீனி வேண்டாம், தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வகையைக் குடுத்துட்டு மூணு நாள் பொறுத்துப் பாத்து அடுத்தது. இந்தக் கோடு இன்னும் கீழ போச்சுன்னா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதாயிரும்."

என்ன கொடுப்பது என்று ஒரு தாய் யோசிப்பதற்குள் இருபத்தொரு வீடும் யோசித்து முடித்துவிட்டது. அவர்கள் வாயிலும்தானே வரப்போகிறது. தெரு நலச் சங்கத் தலைவர் டெய்லர் பலவேசம் கூட்டம் போட்டார். அதில் அல்வா என்று ஒருவரும் இடியாப்பம் சொதி என்று ஒருவரும் சொல்லி டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் கேப்பைக்கூழ் என்று முடிவானது. பிரம்மசக்தியை யாரும் கேட்கவில்லை. அவளுடைய வீட்டுக்காரனின் அக்கா பொன்னம்மாள் மட்டும், "ஏளா, உனக்குச் சம்மதம்தான?" என்று வீட்டுக்கு வந்த பிறகு கேட்டாள். பொன்னம்மாள் அந்த வீட்டிலேயே இருப்பவள். தம்பி லாரியில் வடக்கே போய்விட்டால் வீடு அவள் சொல்படிதான் நடக்கும். பிரம்மசக்தி தலையை ஆட்டினாள்.

கூழ் நன்றாகத்தான் வெந்திருந்தது. முதல் கரண்டி பாப்பாவின் நாக்கில் பட்டதும் தெருவெல்லாம் கேப்பை மணந்தது. உடனே பாப்பா அவ்வளவையும் வெளியே துப்பியது. மறு கரண்டியையும் துப்பியது. அந்த நேரத்தில் டீக்கடையில் சேர்மத்துரை பாய்லர் பக்கம் திரும்பிக் காறித் துப்பியதை நாலு பேர் பார்த்தார்கள். அப்போதுதான் தெருவுக்கு விஷயத்தின் மறுபாதி விளங்கியது. பாப்பாவின் ருசி தெருவுக்கு வருகிற மாதிரி, தெருவில் ஒரு வாய் வேண்டாமென்று துப்பினால் பாப்பாவின் வாயும் துப்பும்.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டியளே" என்று பலவேசம் கேட்டதற்கு, சேர்மத்துரை வெட்கத்தோடு, "சின்னதுல சித்தி வீட்ல வளந்தேன். அவ்வோ பிள்ளையளுக்குச் சோறு, எனக்கு மூணு வேளையும் இந்தக் கூழு. நாப்பது வருசமாச்சு. நான் துப்பல தம்பி, வாய் துப்புது" என்றார்.

நாலாம் நாள் வாழைப்பழம். அதைத் துப்பியவள் மைதீன் பாத்து. அவள் வீட்டுக்காரர் வெளிநாட்டுக்குக் கிளம்பிய காலையில் பாதிப் பழத்தைத் தின்றுவிட்டு மீதியைத் தட்டில் வைத்துவிட்டு ஓடினார், போனவர் பெட்டியில்தான் திரும்பி வந்தார். அதற்கு அடுத்தது பூசணிக்காய் மசியல். இதைத் துப்பியவர் சங்கத் தலைவர் பலவேசமே. ஆயுத பூஜைக்கு எவனோ நடுரோட்டில் உடைத்த திருஷ்டிப் பூசணியில் சறுக்கி விழுந்து மூன்று மாதம் காலில் கட்டோடு கிடந்தவர் அவர். "மத்தவங்களுக்கெல்லாம் மனக்கஷ்டம், உமக்குப் பூசணிக்காயா, வே?" என்று தெரு சிரித்தது. பலவேசமும் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் டீச்சர் மறுபடி நிறுத்துப் பார்த்தபோது புள்ளி மஞ்சளுக்குள் விழுந்திருந்தது. பாப்பா அழுகிற சத்தமும் குறைந்துவிட்டது. பசித்து அழும் பிள்ளைக்குப் பயப்பட வேண்டாம், பசித்தும் அழாத பிள்ளைக்குத்தான் பயப்பட வேண்டும் என்று டீச்சர் சொன்னதிலிருந்து பிரம்மசக்திக்குக் கை கால் ஓடவில்லை.

"சோறு குடுப்போம்" என்றாள் பொன்னம்மாள். "சோறு ஆகாதுன்னு சொல்ற வாய் இந்தத் தெருவுல உண்டா?"

யாருக்கும் அது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, வேலைக்குப் போகிறவர்கள்கூட ஒரு மணி நேரம் தாமதம் சொல்லிவிட்டு வாசல்களில் நின்றார்கள். குழைய வெந்த சோற்றைக் கரண்டியால் மசித்து, பாப்பாவை மடியில் சாய்த்து, பிரம்மசக்தி முதல் வாயை வைத்தாள். உப்பில்லாத, பருப்பில்லாத, வெறும் அரிசியின் வெளுத்த இனிப்பு தெரு முழுக்கப் பரவியது. எல்லாரும் வாயை மூடி நின்றார்கள். பாப்பாவின் உதடு குவிந்தது, நாக்கு புரண்டது, சோறு கடைவாய் ஓரமாக மெல்ல வெளியே வழிந்தது. அதைப் பார்த்ததும் பிரம்மசக்தி முகத்தைத் திருப்பி முந்தானையில் துப்பினாள். பாப்பாவும் துப்பியது. எல்லாரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தாயை யாரும் பார்க்கவில்லை.

துப்பியது தான் என்று அவளுக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும். எட்டு மாதமாக அவள் சோற்றில் குழம்பும் மோரும் ஊற்றி, மிளகாயைக் கடித்து, அரிசியின் ருசி தெரியாமல் பார்த்துக்கொண்டுதான் முழுங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அதைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அதைப் பொன்னம்மாள் முன்னால் சொல்வதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைத்தாள். அதனால் அவளும் மற்றவர்களோடு சேர்ந்து, யாராக இருக்கும் என்று கேட்டாள். அப்படிக் கேட்டதற்காகப் பிறகு ரொம்ப நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பலவேசம் வீடு வீடாகப் போய் விசாரித்தார். இருபது வீடும் இல்லை என்றது. பிறகு பார்வையெல்லாம் செல்லக்கனி வீட்டுப் பக்கம் திரும்பியது. செல்லக்கனிக்குச் சர்க்கரை. ஒரு வருஷமாகச் சோற்றைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கோதுமை ரவையும் காய்கறியுமாக இருப்பவள், தனி ஆள், அதிகம் பேசாதவள். சோற்றை விட்ட வாய்தானே சோற்றைத் துப்பும் என்று ஒருவர் சொல்ல, அது நியாயமாகப் பட்டது. கோபமெல்லாம் இல்லை. தினமும் கம்பத்துக்கு அப்பால் போய் நிற்க அவள் உடம்புக்கு ஆகாது, மகள் ஊரில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தால் அதற்குள் பிள்ளை சாப்பிடப் பழகிவிடும் என்று ரொம்பப் பக்குவமாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். செல்லக்கனியும் மறுபேச்சுப் பேசாமல் மறுநாள் காலை ஒரு பையில் நாலு சேலையையும் மாத்திரை டப்பாவையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

வழியனுப்பத் தெரு கூடியிருந்தது. பிரம்மசக்தி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். செல்லக்கனி நேராக அவளிடம் வந்து பாப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டு வாரேன். பிள்ளை தின்னாச் சரி. ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ பிரம்மசக்தி. ஒரு வருசமாச் சோத்து ருசிக்கு ஏங்கிக் கெடக்கேன் நான். நேத்து உன் பிள்ளை வாயில அது வந்தப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. அதையா நான் துப்புவேன்?"

சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவள் நாலு அடி போவதற்குள் பிரம்மசக்தியால் பொறுக்க முடியவில்லை.

"யக்கா, நில்லுங்க. துப்புனது நாந்தான்."

தெரு திரும்பியது. பிரம்மசக்தி யாரையும் பார்க்காமல், பேசுவது பொன்னம்மாளிடமே ஆனாலும் அவளையும் பார்க்காமல், பாப்பாவின் தலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எங்கப்பாவுக்கு நான் வாய்க்கரிசி போட்டேன் மைனி. சூலி கேத வீட்டுக்குப் போவக்கூடாது, பிள்ளைக்கு ஆகாதுன்னு நீங்க சொல்லித்தான் என்னை வீட்ல விட்டுட்டுத் துக்கம் கேக்கப் போனிய. நீங்க திரும்பி வந்து கண்ணசந்த நேரத்துல, எடுக்குததுக்கு முன்னால, நான் ஆட்டோ புடிச்சுப் போயிட்டேன். எங்க ஆளுக உங்ககிட்டச் சொல்லல. எனக்குச் சோறு ஊட்டி வளத்த மனுசன் மைனி, அந்தக் கடைசி அரிசியை வேற யாரோ போடுததை என்னால நினைக்க முடியல. நான் அரிசி வச்சேன். உள்ள போவல, கடைவாய் வழியா வெளிய வந்துட்டு. விரலால தள்ளி மறுபடி வச்சேன். மறுபடியும் வந்துட்டு. அது போவாது தாயி, விட்டுருன்னு சொல்லி என் கையைப் புடிச்சு எடுத்துவிட்டாவ. இப்பப் பிள்ளை வாயில இருந்து சோறு அதே மாதிரி வெளிய வருது. என்னால தாங்க முடியல."

எல்லாரும் பொன்னம்மாளைப் பார்த்தார்கள். சடங்கு சாங்கியத்தில் நூல் பிசகாதவள், மீறியவர்களை மாதக்கணக்கில் பேசாமல் இருந்தே ஒடுக்கிவிடுகிறவள். பொன்னம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எட்டு மாசத்துல, தனியாவா போன?"

"ஆமா மைனி."

"அந்த ரோட்ல ஆட்டோக்காரன் மெதுவாப் போனானா?"

"போனான் மைனி."

"வரும்போது?"

"வரும்போதும் மெதுவாத்தான் வந்தான்."

பொன்னம்மாள் தலையை ஆட்டினாள். பிறகு செல்லக்கனியின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு போய் அவள் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சூலி கேத வீட்டுக்குப் போனால் பிள்ளைக்கு ஆகாது என்ற பேச்சை அன்றைக்கு அந்தத் தெருவில் ஒருவரும் எடுக்கவில்லை.

பலவேசம்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இனி வழி சுலபம் என்றார். பிரம்மசக்தி அரை மணி நேரம் தெருமுனைக் கம்பத்தைத் தாண்டிப் போய் நின்றுகொள்ளட்டும், பொன்னம்மாள் ஊட்டட்டும், பிள்ளை சாப்பிட்டதும் வரட்டும், பழகுகிற வரைக்கும் தினமும் இப்படியே. எல்லாருக்கும் சரியாகப் பட்டது. பிரம்மசக்திக்கும் சரியாகத்தான் பட்டது. பிள்ளை தின்ன வேண்டும், அதற்குமேல் ஒன்றுமில்லை. பாப்பாவைப் பொன்னம்மாளிடம் கொடுத்துவிட்டு அவள் நடந்தாள். டீக்கடையைத் தாண்டினாள், மைதீன் பாத்து வீட்டைத் தாண்டினாள், கம்பத்துக்கு வந்தாள். இன்னும் ஒரு எட்டு வைத்தால் போதும்.

அந்த இடத்தில் அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வாய் தான் கொடுத்ததை வாங்கிக்கொள்ளவில்லை என்பதற்காக, இனி ஒவ்வொரு நாளும் தன் பிள்ளை சாப்பிடும் நேரத்தில் தான் ஊருக்கு வெளியே நிற்க வேண்டுமா என்று நினைத்தாள். தான் கொடுத்ததை அப்பா வேண்டாமென்று சொல்லிவிட்ட மாதிரி இத்தனை நாள் இருந்துவிட்டோமே என்று நினைத்தாள். திரும்பி விறுவிறுவென்று நடந்து வந்து, கரண்டியைத் தூக்கிக்கொண்டிருந்த பொன்னம்மாளின் முன்னால் உட்கார்ந்தாள்.

"குடுங்க மைனி. ஒரு வாய் நானே வைக்கேன். நான் துப்புனா நாளையிலேருந்து கம்பத்துக்கு அங்கிட்டு நிக்கேன்."

பொன்னம்மாள், அட்டையோடு பக்கத்தில் நின்ற டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் அட்டையைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேருமாக, சரி என்றார்கள்.

பிரம்மசக்தி கரண்டியை வைத்துவிட்டு, கையைக் கழுவி, சோற்றை விரல் நுனியில் எடுத்தாள். பாப்பாவின் நாக்கில் வைத்தாள். அந்த வெளுத்த ருசி அவள் வாய்க்குள் வந்தது, அதோடு அந்த முற்றம், சங்குச் சத்தம், அப்பாவின் குளிர்ந்த உதடு எல்லாம் வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து கொட்டியது. தெருவில் சேர்மத்துரை அடுப்பை அணைத்துவிட்டு நின்றார். செல்லக்கனி தன் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பாப்பா நாக்கைப் புரட்டியது, தெரியாத வாய் தெரியாத பண்டத்தை வெளியே தள்ளுகிற மாதிரி தள்ளியது, சோறு கடைவாய்க்கு வந்து மோவாயில் இறங்கியது.

பிரம்மசக்தி துப்பவில்லை. வழிந்த சோற்றை விரலால் வழித்து, எடுத்து, மறுபடி அந்த வாய்க்குள் வைத்தாள். உள்ளே சூடாக இருந்தது. நாக்கு அவள் விரலைச் சுற்றி வளைத்துச் சப்பி இழுத்தது, பல்லில்லாத ஈறு அழுத்திக் கடித்தது. விரலை எடுத்தபோது விரலில் ஒரு பருக்கைகூட இல்லை. அவள் வாயில் இருந்த ருசி மெல்லக் கீழே இறங்கியது. தெரு முழுக்க, இருபத்தொரு வீட்டு வாசலிலும், எல்லார் தொண்டையும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கியது.

"போயிட்டு மைனி" என்றாள் பிரம்மசக்தி. "உள்ள போயிட்டு."

பாப்பா அவள் முகத்தைப் பார்த்து, இன்னொரு வாய்க்கு வாயைத் திறந்தது.